ஏழாம் நம்பர் பனியன்

கோவைக் கிளப் தன் அணியில் ஆட அழைத்தபோது, "கோச்சையும் எங்க டீம் பொண்ணுகளையும் உட்டுட்டு வரமாட்டனுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் தமிழ்மதி. அவள் ஊரான மண்ணரையில் பாதி சனம் அவளுடைய ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டுதான் கூடைப்பந்து பார்க்க வரும்.

பனியன் கம்பெனியில் அவளுக்குத் தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. இன்று மேசைக்கு வந்த கட்டுக்குள் அவள் டீமுக்கான புதுப் பனியன்கள் இருந்தன. ஆசையாக ஏழாம் நம்பரை எடுத்தாள். முதுகில் 'சுபஸ்ரீ' என்றிருந்தது. கோவைக் கிளப்பின் ஆட்டக்காரி.

"பேரு தப்பா அடிச்சிருக்குங்க."

"இல்ல கண்ணு," என்றார் சூப்பர்வைசர். "உங்க கோச்சே நேர்ல வந்து சாம்பிள் பாத்து ஓகே பண்ணுனது."

கட்டு முழுக்கத் தேடினாள். அவள் பெயர் எதிலுமே இல்லை.

ஏழாம் நம்பர் பனியனைப் புரட்டித் தையலை இழுத்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பாஸ் ஆன அடுக்கில் வைத்தாள்.