திரும்பிப் பார்க்கிற குட்டி

ஓடைக்கரைப் பாதையில் ஆரஞ்சுக் கூடையைச் சாய்த்தேன். நாலு வெள்ளைக் குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு வெளியே வந்தன. காது இன்னும் முழுசாக நிமிராத வயசு. காட்டுப்பன்றி வேட்டைக்கென்றே பிறந்த கிஷு நாய்கள் இவை என்று சொன்னால், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒன்று உதிர்ந்த மூங்கில் இலையைப் பார்த்துக் குரைத்தது. இன்னொன்று தன் கழுத்தில் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு நூலைக் கடிக்கப் போய்க் குட்டிக்கரணம் அடித்தது.

தினமும் காலையில் இவற்றை மலைப்பாதையில் அவிழ்த்துவிடுவது எங்கள் வழக்கம். கல், சேறு, தண்ணீர், காட்டு வாசனை எல்லாம் அதுகளாகவே பழகவேண்டும். நாங்கள் பேசாமல் பின்னால் நடக்கவேண்டும். தூக்கக்கூடாது, கொஞ்சக்கூடாது, முக்கியமாகப் பெயர் வைக்கக்கூடாது. பெயர் வைப்பது வாங்குகிறவர் பாடு. எல்லாம் என் வீட்டுக்காரர் கியோதாகா போட்ட சட்டம். எங்கள் பெண்ணைப் பள்ளிக்கூட வாசல்வரை தோளிலேயே சுமந்த மனுஷன், நாய்க்குட்டிக்குச் சட்டம் போடுகிறார்!

நான் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஒகாரா. சோயாவை அரைத்து டோஃபு செய்யும்போது பிழிந்தெடுத்து மிஞ்சுகிற சக்கைக்கு அதுதான் பெயர். அதே வெள்ளை, அதே மெத்து. மற்ற மூன்றும் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், ஒகாரா எனக்கு வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டால், "வந்தவன் கை வச்சதைக் குடுக்கணும்டி. நல்லதை நாமளே ஒதுக்கிக்கிட்டோம்னு பேரு கெட்டுடும்" என்பார். அதனால் கேட்கவில்லை. ஏப்ரன் பையில் நெத்திலிக் கருவாட்டை நிரப்பிக்கொண்டேன். நடையில் ஒகாரா எப்போது திரும்பிப் பார்த்தாலும், அவருக்குத் தெரியாமல் ஒன்று கொடுத்தேன். சீக்கிரமே அது கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், திரும்பும், என்னிடம் ஓடிவரும் என்று ஆகிவிட்டது. காலைச் சுற்றுகிற நாயை எந்த வேட்டைக்காரன் வாங்குவான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று குட்டி வாங்க மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிஷிஹாதா வந்திருந்தார். எங்களைவிட இளையவர், அதிகம் பேசாத ஆள். நடையில் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஓடை வந்ததும் சிவப்பு நூல் குட்டி தொப்பென்று குதித்து அக்கரை ஏறிப் புதருக்குள் மறைந்தது.

"பாத்தீங்களா தம்பி, புலி அது! யோசிக்காம அதையே தூக்குங்க."

"நீ சும்மா இருடி," என்றார் வீட்டுக்காரர். "வாங்கறது அவன். நீ என்ன தரகரா?"

ஒகாராவும் ஓடையைத் தாண்டியது. உடம்பை உதறிக்கொண்டு காட்டை மோந்தது. பிறகு திரும்பி என்னைத் தேடியது. அத்தனை தண்ணீரையும் மறுபடி தாண்டி, நனைந்த கோழி மாதிரி என் காலடியில் வந்து நின்றது.

"இது சரியான பயந்தாங்கொள்ளி," என்றேன். "தண்டச்சோறு."

நிஷிஹாதா குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"பயந்த குட்டி ஓடையைத் தாண்டாதுக்கா. இது போய்ப் பாத்துட்டு, நம்ம ஆளு இருக்காங்களான்னு வந்து பாக்குது. என் பழைய நாய் திரும்பியே பாக்காது. அவ்வளவு வேகம். போன குளிர்காலத்துல பன்றி பின்னாடி போச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள தனியா செத்துக் கிடந்துச்சு. இதைக் குடுங்கக்கா."

வேண்டாத நாயாக்க நினைத்து, அவர் தேடி வந்த நாயை நானே நெத்திலி போட்டு வளர்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் என் ஏப்ரன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார், கல்லுளிமங்கன்!

"உனக்கு வேணும்னா சொல்லிடு," என்றார் மெதுவாக. "பேரு கெட்டா கெடட்டும்."

அவர் முறைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்படிச் சொன்னதும் நான் குட்டியைப் பார்த்தேன். நிஷிஹாதா குட்டியைத் தூக்கவில்லை. தானாக வரட்டும் என்று கையை மட்டும் தரையோடு நீட்டிக் காத்திருந்தார். ஒகாரா கொஞ்சம் யோசித்து, அந்த விரல்களை நக்கியது.

பையிலிருந்த நெத்திலி முழுவதையும் வழித்து அவர் கையில் கொட்டினேன்.

"அது திரும்பிப் பாக்கறப்ப நீங்களும் பாக்கணும் தம்பி. இல்லேன்னா அதுக்கு மனசு விட்டுப் போயிடும். பேரு ஒகாரா."

"அடிப்பாவி!" வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வைக்கறதுதான் வச்சே, சக்கைன்னா வைப்பே?"

"அதுவே இருக்கட்டும்ணே," என்றார் நிஷிஹாதா.

அவர் வண்டி பாதையின் மேட்டில் நின்றது. அவர் முன்னால் நடக்க, ஒகாரா நெத்திலி வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. வளைவு வந்ததும் நின்றது. திரும்பியது. என்னை நோக்கி நாலு எட்டு வந்துவிட்டது. நிஷிஹாதா கூப்பிடவில்லை. அங்கேயே குந்திக்கொண்டு காத்திருந்தார்.

வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பறந்து வந்துவிடும். ஏப்ரன் பையை உள்புறம் வெளியே வர இழுத்துத் தொங்கவிட்டு, அதற்குக் காட்டினேன்.

ஒகாரா நடுப்பாதையில் உட்கார்ந்து, ஒரு காதை மட்டும் நிமிர்த்திக்கொண்டு, காற்றில் ஆடுகிற அந்தக் காலிப் பையைப் பார்த்தது.