பசைக்கூடத்து அம்மன்

செல்லாயியின் மேல் அம்மன் இறங்கியது எண்பத்தொன்றாம் ஆண்டில், அவள் ஜெலாப்பாங்கிலுள்ள ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் காலணிகளுக்கு அடிப்பாகம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகு. பசையில் தூசி படியக்கூடாதென்று அந்த அறையின் ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்து வைத்திருந்தார் ஃபோர்மன் ஜெயபாலன். நண்பகலுக்குள் பசையின் இனிப்பு நெடி உச்சிக்கு ஏறிவிடும்; ஒருத்தி தும்மினால் அறையே சிரிக்கும். சாயங்காலம் சுங்கை சிப்புட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும் செல்லாயி, தோட்டத்து வரிசை வீடுகளான லயம்வரை ஆடி ஆடி, சிரித்துச் சிரித்து வருவாள்.

மாமியார் இருளாயி அதைப் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேப்பிலை வந்தது, மஞ்சள் தண்ணீர் வந்தது, அடுத்த வீட்டு வீரம்மா லாட்டரிக்கு நாலு இலக்க நம்பர் கேட்டாள். செல்லாயி சிரிப்பினூடே உளறிய நம்பர் அந்த வாரக் குலுக்கலில் விழுந்தும் தொலைத்தது.

அதுவரை ஆறிய தேநீரைக்கூட நீட்டாத இருளாயி, அன்றுமுதல் சுடச்சுடப் பாலோடு வாசலில் நின்றாள். அந்தப் பால் செல்லாயிக்குப் பிடித்திருந்தது. ஆனால் உப்புப் போட்ட குழம்பில் அவள் மறுபடியும் உப்பைப் போட்டாள். ஒருநாள் பெற்ற மகளைக் கூப்பிட வாயைத் திறந்தவளுக்கு, பாப்பா என்ற பெயர் வரவேயில்லை. அம்மன் உட்கார இடம் வேண்டாமா, பழசையெல்லாம் ஒதுக்குகிறாள் என்று இருளாயி விளக்கம் சொன்னாள். செல்லாயிக்கு முதன்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குத் தொழிற்சாலையை மூடினார்கள். அம்மனும் விடுமுறை எடுத்துக்கொண்டாள். தலை, கழுவிவிட்ட தரைபோல் தெளிந்தது; குழம்பில் உப்பு அளவாக நின்றது; பாப்பாவை வேண்டுமென்றே நாளெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பசை இல்லாமல் அம்மன் வருவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. ஜன்னலைத் திறக்கச் சொன்னால், முன்பொருமுறை ஏசியதுபோல் ஜெயபாலன் ஏசுவார்.

அந்த நேரம் பார்த்து, நம்பர் விழுந்த கதையைக் கேள்விப்பட்ட ஜெயபாலனே பழத்தட்டோடு வந்து நின்றார். தொழிற்சாலையில் ‘ஏய்’ என்று மட்டுமே அழைப்பவர், லயத்து வாசலில் கைகூப்பினார்.

“தாயே, பெருநாள் குலுக்கலுக்கு ஒரே ஒரு நம்பர் குடுத்துரு லா.”

செல்லாயிக்குத் தொண்டைவரை சிரிப்பு முட்டியது. இது அவளுடைய சொந்தச் சிரிப்பு. கூந்தலை அவிழ்த்தாள். பசை இல்லாமலே ஆடினாள்; முன்னைவிட நன்றாகவே ஆடினாள்.

“எனக்கு மூச்சு முட்டுதுடா, ஜெயபாலா. உன் பசை ரூம்ல எல்லா ஜன்னலுக்கும் ஆணி. மொதல்ல ஆணியப் புடுங்கு. நம்பர அப்புறம் பேசலாம்.”

தொழிற்சாலை திறந்த அன்று காலையில், ஜெயபாலன் குறடும் கையுமாக ஏணிமேல் நின்றார். காற்று வந்தது. சப்பாத்துகளில் தூசியும் ஒட்டியது. முதலாளிக்கு என்ன சமாதானம் சொன்னாரோ.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய செல்லாயி, நூல் பிடித்தாற்போல் நேராக நடந்துவந்தாள். வாசலில் நின்ற இருளாயி மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

“போய்ட்டாளா?”

“போய்ட்டா அத்தே. பாப்பா எங்க?”

இருளாயி கையிலிருந்த பாலைப் பார்த்தாள். காய்ச்சியாயிற்று, இனி என்ன செய்வது?

“குடி லா, ஆறிடப் போவுது,” என்று நீட்டினாள்.