காப்பி முடியட்டும்

எங்கள் எதிர் வீட்டுக்காரனுக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. மாடிப்படியில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'ரீஸ்டார்ட்' என்றால்தான் தெரியும். ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் ராத்திரி ஷிப்ட். சர்வர் மூச்சுமுட்டி நின்றால் அலாரம் அடிக்கும். இவன் சர்வரை அணைத்து மறுபடி எழுப்புவான். புதிதாகக் குடிவந்தபோது, "உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி யோசித்துப் பார்த்து, "ரீஸ்டார்ட் பண்றாருக்கா" என்றாள். ஒட்டிக்கொண்டது.

அவளுடைய அண்ணனும் அதே கம்பெனிதான், ஆனால் ரகமே வேறு. கசங்காத சட்டை, கசங்காத முகம். அவருக்குக் கட்டம் போடுகிற வேலை. ஒருவர் கையால் செய்வதை நோண்டி நோண்டிக் கேட்டு, கட்டம் கட்டமாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அம்பு போடுவார். முடித்தபிறகு அந்த வேலையை மெஷினே செய்துகொள்ளும், ஆள் வேண்டாம். இதற்கு வொர்க்ஃப்ளோ என்று பெயர். அவர் யார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டாலும், "போச்சு, இவனுக்குக் கட்டம் சரியில்ல" என்பார்களாம் ஆபீசில். அங்கே மீட்டிங்குக்குக் குறிப்பு டைப் அடிப்பவள் என் நாத்தனார். அவள் சொன்னது பாதி. மீதிக்கு என் சமையலறை ஜன்னல் இருக்கிறது. அவர்கள் ஜன்னலும் அதுவும் கை குலுக்கிக்கொள்ளும் தூரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் லேப்டாப்போடு வந்து இறங்கினார்.

"ஆபீஸ்ல வேணாம் மாப்பிள்ளே, வீட்லயே பேசுவோம். வேலை சீக்கிரம் முடியும்."

"யாரு வேலை மச்சான்?"

"உனக்கு எப்பவும் விளையாட்டுதான்."

விளையாட்டு எங்கே? ராத்திரிப் பிரிவையே மூடப்போகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. ரீஸ்டார்ட்டுக்கு அந்த வேலை ஒன்றுதான் தெரியும், அதுவும் போனால் அவன் போக இடமில்லை. "எனக்கு வேற செக்‌ஷன்ல எதாவது பாத்து வைங்க மச்சான்" என்று இழுத்தான். "மொதல்ல இத முடிப்போம்" என்றார் அவர்.

"அலாரம் அடிக்குது. என்ன பண்ணுவே?"

"எந்த சர்வர்னு பாப்பேன்."

"அப்புறம்?"

"காப்பி முடியாம தொட மாட்டேன்."

தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "காப்பியா?"

"ஆமா மச்சான். என்னதான் அலாரம் கத்தினாலும் சரி, காப்பி முடியட்டும்னு உக்காந்துருப்பேன். அப்புறம்தான் ரீஸ்டார்ட்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சட்டுனும் முடியும். சில நாள் அரை மணி நேரம்கூட இழுக்கும்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தது. இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். மெஷின் மெதுவாக ஓடுவதைத்தான் மச்சான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான் பாவம்.

விஷயம் என்னவென்றால், மருந்துக் கணக்கு முழுவதையும் தினமும் இன்னொரு சர்வரில் படியெடுத்து வைப்பார்கள். ராத்திரிப் பிரிவில் அதற்குப் பெயர் காப்பி. பாதி காப்பியில் சர்வரை அணைத்தால் அசலும் கெடும், நகலும் கெடும். மேல்மாடியில் கட்டம் போடுகிறவர்களுக்கு அது பேக்கப். அவர்களுக்குக் காப்பி என்றால் தம்ளரில் வருவது.

அடுத்த வாரம் பெரிய ஹாலில் மீட்டிங். அண்ணன் திரையில் கட்டங்களைக் காட்டினார். ஒரு கட்டத்தின்மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி. "இது நம்ம ஆள் காப்பி குடிக்கிற நேரம் சார். சர்வர் செத்துக் கிடக்கும், இவரு ஊதி ஊதிக் குடிப்பாரு. மெஷினுக்குக் காப்பி தேவையில்ல. தூக்கிட்டேன்."

ஹாலே சிரித்தது. "அரை மணி நேரமா உறிஞ்சுனே? டிகாஷனும் நீயே எறக்குவியா?" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரீஸ்டார்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கை காது வரைக்கும் உயர்ந்ததாம், நாத்தனார் பார்த்திருக்கிறாள். உயர்ந்த கை காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

ஏன் இறங்கியது என்பதை ஜன்னல் சொன்னது.

"குடிக்கிற காப்பின்னு நெனச்சுட்டான்டி உங்கண்ணன்!"

"ஐயோ, சொல்லிடுங்களேன்."

"எதுக்கு? சொன்னா ஒரு கட்டம் சேத்துக்கிட்டு, நீ வீட்டுக்குப் போன்னுவான். சொல்லலேன்னா என்னைக்காவது குட்டிச்சுவராகும். அப்ப யாரைக் கூப்பிடுவாங்க? சர்வரைக் கட்டி மேய்ச்சவன் நான்தானே?"

ராத்திரிப் பிரிவை மூடினார்கள். மாத முடிவு வரைக்கும்தான் சம்பளம் என்று சொல்லி ரீஸ்டார்ட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் மாமனார் வீட்டு விருந்துக்கு வந்தவன் மாதிரி தெம்பாகச் சோபாவில் சாய்ந்து கிடந்தான். போன் அடிக்கும்போதெல்லாம் நிமிர்வான்.

குட்டிச்சுவரானது. காப்பி பாதியில் இருக்கும்போது அலாரம் அடித்தது, மெஷின் ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல் தன் கடமையைச் செய்தது. எந்த லாரிக்கு எந்த மருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. லாரிகள் கேட்டுக்கு வெளியே தெருவை அடைத்து நின்றன. சாயங்காலத்துக்குள் காரணம் சொல், இல்லையென்றால் ஆபீஸ் கார்டை வைத்துவிட்டுப் போ என்று அண்ணனுக்கு உத்தரவு.

சேதி கேட்டதும் ரீஸ்டார்ட் சலூனுக்குப் போனான். கூப்பிட வரும்போது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? அவன் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில் அண்ணன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அவர் சட்டை கசங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என் கதை முடிஞ்சது பாப்பா. எங்க தப்புன்னே தெரியல."

தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனாள், திரும்பி வந்தாள்.

"அண்ணே, அவரு சொன்னது குடிக்கிற காப்பி இல்லண்ணே."

ரீஸ்டார்ட்டை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பவுடர் மணக்க, இஸ்திரி போட்ட சட்டையில் போனான். எழுந்து நின்று வரவேற்பார்கள் என்று எண்ணியிருப்பான். மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"காப்பின்னா பேக்கப்பாமே. அன்னிக்கு ஹால்ல எங்களுக்குப் புரியலேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் துரோகி. தெரியாது என்றால் வெறும் மடையன். மடையனாக இருந்தாலாவது இரக்கப்படுவார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"சத்தியமாத் தெரியாது சார்."

அண்ணன் மேஜையைப் பார்த்தபடியே, "என் தங்கச்சிகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கான் சார். அவதான் எங்கிட்டச் சொன்னா" என்றார்.

பிறகு எல்லார் முன்னாலும் ஒரு புதுக் கட்டம் வரைந்தார்: 'பேக்கப் முடிந்ததா?' ஆம் என்று ஒரு அம்பு, இல்லை என்று ஒரு அம்பு. மூக்கைச் சிந்துகிற நேரம்கூட ஆகவில்லை என்கிறாள் நாத்தனார். ரீஸ்டார்ட் இத்தனை வருஷம் கண் விழித்துக் காத்த வித்தை அவ்வளவுதான். மிச்சச் சம்பளமும் கிடையாது என்று சொல்லி, வாசல் வரைக்கும் காவல்காரனைத் துணைக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீயாடி சொன்னே?"

"ஆமா."

"ஏன்டி?"

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. விலை படியாத புடவையைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி சொன்னாள்: "உங்க வேலை எப்படியும் போறதுதானே. அண்ணனோடதாவது நிக்கட்டும்னு பாத்தேன்."

அதற்கு அவன் என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். குழாயை மூடிவிட்டு, மிக்சியை நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியில் காதை வைத்துப் பார்த்துவிட்டேன். கழற்றாத செருப்பு மாடிப்படியில் இறங்கிப் போகிற சத்தம்தான் கேட்டது.