வெள்ளைத் துண்டு போட்டவர்

வேப்பமரக் கிளையில் ஒலிபெருக்கிக் குழாயை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கிய சோணைமுத்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். பந்தலுக்குள் பெஞ்சில் தவசியைப் படுக்க வைத்திருந்தார்கள். நோயில்லை, நொடியில்லை. காலையில் நீராகாரத்தைக் குடித்துச் சொம்பைக் கீழே வைத்த மனுஷன் அப்படியே சாய்ந்துவிட்டார்.

தலைமாட்டில் இருந்த உமையாள் இன்னும் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

"அத்தே, மாமா பேரு வெறும் தவசிதானா, முன்ன பின்ன ஏதும் உண்டா? மைக்குல சொல்லணும்" என்று கேட்டான் சோணைமுத்து.

"ஏலே, என்னையவா கேக்குற? அந்தா, அவுக தங்கச்சியக் கேளு."

தங்கச்சி பூமயில் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நாப்பது வருசமாச் சொல்லாதவுக மதினி, இன்னைக்கா சொல்லிறப் போறாக?" என்றாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உமையாளின் ஆத்தா சொல்லி அனுப்பியிருந்தாள். அதை இவள் காப்பாற்றிய லட்சணம் மெட்ராஸ் வரைக்கும் பிரசித்தம்!

பதினோரு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழில், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனவர்கள், ஒரு நாள் கூடுதலாகத் தங்கி ஊர் பார்த்தார்கள். காலையில் செத்த காலேஜ் என்கிற மியூசியத்தில் திமிங்கல எலும்பு, மத்தியானம் கடற்கரை. "நம்ம கடலுக்கு இம்புட்டு அலை கெடையாதே, இங்கன மட்டும் எதுக்கு இப்படிக் குதிக்குது?" என்று தவசி கடலையே விசாரித்தார். பிறகு பொருட்காட்சி. ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த உமையாள் திரும்பினால், ஆளைக் காணோம்.

மைக் கொட்டகையில் இருந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன்தான். "உன் வூட்டுக்காரர் பேர் என்னாம்மா?" என்றார்.

"அது... கடலாடிப் பக்கம்யா."

"ஊரைக் கேக்கல, பேரு."

"வெள்ளத் துண்டு போட்டிருப்பாக."

தலையில் அடித்துக்கொண்டு அவர் அதையே அறிவித்தார். கால் மணி நேரத்தில் வெள்ளைத் துண்டோடு ஏழு பேர் வந்து நின்றார்கள். ஏழு பேரில் தவசி இல்லை. பெண்டாட்டிக்கு ஆசையாக வாங்கிய பீங்கான் கிளி உடைந்துவிடக் கூடாதே என்று, அவர் துண்டை அவிழ்த்துக் கிளிக்குச் சுற்றியிருந்தார்.

மூன்று மணி நேரம். யார் யார் பேரோ மைக்கில் வந்தது. காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற வாசகம் உமையாளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கடைசியில் அவரே கிளியும் கையுமாக வந்து சேர்ந்தார். கோபமில்லை. "எப்படியும் எம் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன்னு ராட்டினத்துக்கிட்டயே காதத் தீட்டிக்கிட்டு நின்னேன் புள்ள" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தக் கிறுக்கு. தன் பேர் அவள் வாயில் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். களை எடுக்கும்போது கேட்பார், கஞ்சி குடிக்கும்போது கேட்பார். நேற்றுச் சாயங்காலம்கூட ஆட்டைக் கட்டிக்கொண்டே, "ஒரே ஒரு தடவ சொல்லேன், கேட்டுக்கிறேன்" என்றார். "ஆயுசோட இருங்க, அது போதும்" என்று இவள் வாயை அடைத்துவிட்டாள். பதினோரு வருஷமாகக் கேட்ட மனுஷனுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லையே. இனி எந்த ஆயுசைக் காப்பாற்ற?

ஒப்பாரி வைத்து ஓய்ந்த பூமயில் மைக்கை நீட்டினாள். "மதினி, ஒரு வார்த்தை சொல்லி அழுதுருங்க. நெஞ்சடைச்சுப் போகும்."

உமையாள் வாங்கிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கடலாடியிலருந்து வந்த தவசி..."

குழாய் வழியே அந்தப் பேர் கண்மாய்க்கரை வரைக்கும் போயிற்று.

"தவசி அவர்களே, உங்க சம்சாரம் உமையாள் இங்கன காத்துக்கிட்டு இருக்கா. எங்கன இருந்தாலும் உடனே மைக்குக்கிட்ட வாங்க."

வாசலில் வெள்ளைத் துண்டோடு நின்றுகொண்டிருந்த ஆண்கள் நாலைந்து பேர், தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள்.