ஜலால் பாய் திட்டிய படம்

படம் முடிந்து வெளியே வந்த ஜலாலை டாக்கீஸ் வாசலிலேயே மடக்கிக்கொண்டான் காசிலிங்கம். அவன் எடுத்த படம்தான். பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

“எப்பிடி பாய் இருக்கு?”

“உள்ள உக்காந்து அழுதுட்டேன்பா. இப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

காசிலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அப்ப ஒரு உபகாரம் பண்ணுங்க. பத்திரிகைல திட்டி எழுதுங்க” என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் முத்தியால்பேட்டையில் தொடங்கிய வாரப் பத்திரிகை ஒன்றில் ஜலால் சினிமா விமர்சனம் எழுதிவந்தார். ஸ்டூடியோ முதலாளிகளின் ராஜா ராணிப் படங்களைக் கிழிகிழியென்று கிழிப்பார். எங்காவது ஒரு பைத்தியக்காரன் சொந்தக் கைக்காசில், பாட்டும் கத்திச்சண்டையும் இல்லாமல், மனுஷரை மனுஷராகக் காட்டிவிட்டால் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார். ஊர் அவரை விழுந்து விழுந்து படிக்கும். படித்துவிட்டு அவர் கிழித்த படத்துக்குப் போய் வரிசையில் நிற்கும். அவர் பாராட்டிய படம் எதுவும் அடுத்த வெள்ளிக்கிழமையைத் தாண்டியது கிடையாது.

காசிலிங்கமும் அந்தப் பைத்தியக்காரர் கூட்டத்தில் ஒருவன்தான். மெட்ராஸில் கேமரா தூக்கிப் பழகிய குப்பத்துப் பிள்ளை. வீட்டிலிருந்த படகையும் வலையையும் விற்று, குப்பத்து ஆட்களையே நடிக்கவைத்து எடுத்திருந்தான். கடலுக்குப் போன மகன் திரும்பாத ஒரு தாயின் கதை. தாயாக நடித்தது அவனைப் பெற்ற வீராயி. இங்கே ஓடினால்தான் அடுத்த ஊருக்குப் படப்பெட்டி போகும், இல்லாவிட்டால் எல்லாம் அத்தோடு சரி.

ஜலால் திட்டி எழுதினார். பிடித்ததையெல்லாம் புரட்டிப் போட்டால் போதும் என்பதால் கை தானாக ஓடியது. ‘அழவே தெரியாத ஒரு பெண்பிள்ளையை அழவிட்டு நம்மை வதைக்கிறார்கள்’ என்ற வரியில் மட்டும் பேனா தயங்கியது. அவர் அழுதது அந்தக் காட்சிக்குத்தான். ஆனாலும் வரி நன்றாகக் குத்தியது, விட்டுவிட்டார்.

டீக்கடையில் உரக்க வாசித்துச் சிரித்தார்கள். படத்துக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. அவர் எழுதியதற்கும் ஊர் போனதற்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை என்பது அப்போதுதான் ஜலாலுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை வேறு போஸ்டர் ஒட்டியாயிற்று. காசிலிங்கம் தாயிடம் எதையும் விளக்க வாயில்லாமல் மெட்ராஸுக்கு ரயிலேறினான். அந்தப் படத்தைப் பற்றி உலகத்தில் அச்சானது ஜலாலின் வசவு ஒன்றுதான்.

வீராயி வழக்கம்போல மீன் கூடையோடு ஜலால் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி ரமீஜா சட்டி எடுக்க உள்ளே போனாள்.

“நீங்க எழுதுனத டீக்கடைல படிச்சாங்க பாய். எனுக்கு அழுவத் தெரியலன்னு இருந்துச்சாமே.”

ஜலால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நெசம் அது இல்லம்மா. காசிலிங்கந்தான் திட்டி எழுதச் சொன்னான். நீங்க அழுததப் பாத்துத்தான் நானும் அழுதேன்.”

வீராயி அதை நம்பவில்லை. பெரிய மனுஷர், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள். கூடையை இறக்கிவைத்து மீனைச் செதில் உரசினாள்.

“நடிப்பெல்லாம் எனுக்கு எங்க தெரியும். எம் பெரிய புள்ள கடலோட போனானே, அவன நெனச்சி அழுதேன். அப்ப எப்பிடி அழுதனோ அப்பிடியேதான் அழுதேன்.”

வீராயி உரசுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“வேற எப்பிடி அழுதிருக்கணும் பாய்?”

கேட்டுவிட்டு, செதில் ஒட்டிய கைகளோடு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.