தண்ணி குடித்த இரும்பு

உப்பு மாங்காய் எடுக்க ஹவ்வா பரணியைத் திறந்தாள். மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த இரும்புத் துண்டு கை நழுவி அம்மியில் விழுந்தது. அம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்புதான் ரெண்டாக உடைந்து கிடந்தது. இரும்பு வளையும், நெளியும், துருப்பிடித்து இற்றுப் போகும். எள்ளுருண்டை மாதிரி உடைந்து அவள் பார்த்ததே இல்லை. இதன் கூடப்பிறந்த துண்டு அந்த நேரம் அவள் புருஷன் நூர்தீனின் ஜீப்பில் இருந்தது, ஜீப் நெல்லியாம்பதி மலைக்குக் கிளம்பிப் போயிருந்தது.

நூர்தீன் முதலமடையில் மாங்காய் வியாபாரி. மற்ற வியாபாரிகள் காசு சேர்ந்தால் வண்டிமாடு வாங்குவார்கள். இந்த மனுசன் உலகச் சண்டை முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலம் போட்ட ஜீப்பை வாங்கி, அதை மாடு கட்டி இழுத்துவந்து கொல்லையில் நிறுத்தினான். ஊர் சிரித்தது. ஜீப்புக்குள் எலி குடித்தனம் நடத்தியது. ஆனாலும் பிடித்த பிடியை விடுகிற ஆளா அவன்? ஓட்டைத் தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் அடித்தான், பின்னால் கூடை அடுக்கத் தட்டு கட்டினான். கடைசியில் ஸ்டீரிங்கில் வந்து நின்றது வேலை. அமெரிக்காக்காரன் அதை இடது பக்கம் வைத்திருந்தான். மலைரோட்டில் அது ஆகாது, வலது பக்கம் மாற்றியே தீருவேன் என்று நூர்தீன் ஒற்றைக்காலில் நின்றான். மாற்றியும் விட்டான். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கை மட்டும் புது அளவில் வேண்டியிருந்தது. அப்படியொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது, செய்துதான் ஆகவேண்டும்.

செய்துகொடுத்தவர் வண்டிப்பட்டறை குப்பண்ணன். அவர் போட்ட சக்கரம் கழன்றது என்று கொல்லங்கோடு வரைக்கும் ஒருத்தன் வாய் திறந்ததில்லை. கொல்லையிலேயே உலை மூட்டி, உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தார். முதல் கையில் துளை கோணிப்போயிற்று, ரெண்டாவது கச்சிதமாக அமைந்தது. ரெண்டுக்கும் தண்ணீர் ஊற்றியவள் ஹவ்வா. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும்போது, அது செக்கச்செவேலென்று மரத்தில் இறங்கினதும் வண்டிக்காரன் ஊட்டுப் பெண்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றவேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அதேபோல இதற்கும் ஊத்து அம்மிணி என்றார் குப்பண்ணன். இவளும் பிஸ்மி சொல்லி ஊற்றினாள். வண்டியில் தன் கையும் பட்டதென்று அவளுக்கு அத்தனை பெருமை. அதனால்தான் கோணல் துண்டைக்கூட எறிய மனம் வராமல் பரணிக்குப் பாரமாக வைத்துக்கொண்டாள்.

உடைந்த ரெண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, துப்பட்டியை அள்ளிப் போர்த்திப் பட்டறைக்கு ஓடினாள். குப்பண்ணன் முதலில் கையை வீசினார். அது துளை கோணின துண்டு அம்மிணி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றார். ஒரே பட்டையில் வெட்டினதுதானே, ஒரே குடத்துத் தண்ணிதானே என்று அவள் கேட்டாள். குப்பண்ணன் தண்ணீர் படாத மிச்சப் பட்டையை எடுத்துச் சம்மட்டியால் போட்டார். அது வளைந்து கொடுத்தது. தண்ணீர் பட்ட துண்டை வைத்து அதே அடி அடித்தார். சிதறிப் போயிற்று.

மனுசன் முகத்தில் ஈயாடவில்லை. சக்கரப் பட்டா இளக்கமான இரும்பு, எத்தனை குடம் ஊற்றினாலும் தாங்கும். ஸ்பிரிங் இரும்பு அப்படியில்லை. காய்ச்சி ஒரேயடியாகத் தண்ணீர் காட்டினால் கண்ணாடி ஆகிவிடும். இது தெரியாத ஆளில்லை அவர். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பட்டாவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன வாய், பழக்கத்தில் அன்றைக்கும் சொல்லிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் ஆனைமேல் இருக்கிறவன் கதி என்ன?

அன்று வெள்ளிக்கிழமை. எஸ்டேட் துரையிடம் வண்டியைக் காட்டி, ஆரஞ்சு இறக்குகிற வேலையைப் பேசி முடிக்கப் போயிருந்தான் நூர்தீன். என்ன அவசரமானாலும் ஜும்மாவை விடமாட்டான். கொல்லங்கோட்டுப் பள்ளியில் தொழுதுவிட்டுத்தான் மலைப்பக்கம் வண்டியைத் திருப்புவான். தொழுகை முடிவதற்குள் போய்விட்டால் பிழைத்தோம் என்று ஹவ்வா சொல்லி முடிக்கும் முன்னே குப்பண்ணன் தன் ரேக்ளா வண்டியில் மாட்டைப் பூட்டியிருந்தார்.

ஒருத்தர் உட்காரவே இடம் பற்றாத வண்டி அது. ராவுத்தர் ஊட்டுப் பொம்பளை அதில் தொற்றிக்கொண்டு போவதை வழியெல்லாம் வாய் பிளந்து பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். நான் ஊத்தின தண்ணி, நான் ஊத்தின தண்ணி என்று அவள் மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. மாட்டின் வாயில் நுரை தள்ளியது.

பள்ளிக்கு எதிரே புளியமரத்தடியில் ஜீப் நின்றது. உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஹவ்வாவுக்கு உயிர் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. அவள் புருஷனை அவளுக்குத் தெரியாதா? நாலுபேர் முன்னால் பெண்டாட்டி போகாதே என்றால், அதற்காகவே போவான். குப்பண்ணன் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். வெளிப்பார்வைக்கு ஒரு கீறல் இல்லை. ஒருவேளை இது நல்லாத்தான் இருக்குமோ என்று முனகினார். அந்த மனுசன் அப்படி ஆசைப்படுவது அவளுக்குப் புரிந்தது, ஆத்திரமும் வந்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் ஜீப்பில் ஏறி ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள், வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த நூர்தீனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எறங்கு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேனுங்க. இது உடையும். இதோட சோடித் துண்டு அம்மியில விழுந்து ரெண்டாப் போச்சு."

மூணு மாசமாகப் பாடுபட்ட வண்டியை அம்மியில் விழுந்த துண்டை வைத்து எடை போடுகிறாயா, துரை காத்திருக்கிறார், மானத்தை வாங்காதே என்று அவன் அடிக்குரலில் பொரிந்தான். குப்பண்ணன் கை இரும்பு உடைந்ததாக யாராவது கேட்டதுண்டா என்று கூட்டத்தைப் பார்த்தே கேட்டான். கூட்டம் குப்பண்ணனைத் திரும்பிப் பார்த்தது. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

"தப்பு என்னுதுங்க ராவுத்தரே. தண்ணி ஊத்தச் சொன்னது நானு. அம்மிணி, நின்ன எடத்துலயே திருப்பிப் பாரு."

ஹவ்வா ஸ்டீரிங்கைத் தொட்டது அதுதான் முதல்தடவை. காலை ஊன்றி முழுபலத்தையும் போட்டு இடது பக்கம் இழுத்தாள். சக்கரம் மண்ணை அரைத்துக்கொண்டு திரும்பி நின்றது. ஒன்றும் உடையவில்லை. பின்னால் யாரோ ஒருத்தன் சிரித்தான். நூர்தீன் அவள் தோளைப் பிடித்து இறக்கக் கை நீட்டினான். அவள் எழுந்து நின்று, உடம்பு கனம் மொத்தத்தையும் தொங்கவிட்டு, வலது பக்கம் இழுத்தாள்.

அடியில் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டீரிங் அவள் கையோடு சுற்றிக்கொண்டு வந்தது. சக்கரங்கள் இடது பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

நூர்தீன் சக்கரத்தைப் பார்த்தான், ஸ்டீரிங்கைப் பார்த்தான், தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்தான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டாம் வளைவுல வலது பக்கம்தான் ஒடிக்கணும்," என்றான். "இடது பக்கம் பள்ளம்."

குப்பண்ணன் ஜீப்புக்கு அடியில் புகுந்து உடைந்த இரும்பைக் கழற்றி இடுப்புத் துண்டில் சுற்றினார். அடுத்ததை எண்ணெயில் ஆற்றி, தவிட்டு நிறம் வரும்வரை திரும்ப அனலில் காட்டி, உடையாதபடி தருகிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

நூர்தீன் எழுந்து ஜீப்பருகே வந்தான். எறங்கு, ஊட்டுக்குப் போலாம் என்றான். இந்தமுறை கெஞ்சுகிற குரல்.

"கை வரமாட்டேங்குதுங்க," என்றாள் ஹவ்வா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பள்ளிக்கு முன்னால் அத்தனை ஜனமும் பார்த்திருக்க, நூர்தீன் குனிந்து, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.