கோபுரச் சாளரத்தில் சிக்கிய அண்டா

எங்கள் ஆவணக் காப்பகத்தின் தலைவர் டாக்டர் ஸஹ்ரானுக்குப் பழைய காகிதத்தைத் தொட்டால் தும்மல் வரும். ஆனாலும் ஓமானின் பழைய புயல்களைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர் அவர்தான். ஏடுகளைப் படிக்கமாட்டார், கணினியில் ‘புயல்’ என்று தட்டுவார். அந்தச் சொல் அகப்படாத வருடங்களில் எல்லாம் ஓமானில் தென்றல் வீசியது என்பது அவர் முடிவு.

என் ஊர் வாதி மஸ்ரூரில், காட்டாற்றின் கரையில், பெண்கள் பள்ளி கட்ட இடம் பார்த்திருந்தார்கள். முன்பு அங்கே வெள்ளம் வந்ததுண்டா என்று பள்ளிக் குழு எங்களைக் கேட்டது. டாக்டர் தட்டினார். ‘இருநூறு வருடங்களாக வெள்ளப் பதிவு இல்லை’ என்று அரை நாளில் அறிக்கை தயார். நானூறு பெண்பிள்ளைகள் உட்காரப்போகும் இடம். என் தங்கையின் மகள்கள் இரண்டு பேரும் அதில் உண்டு.

நான் இருபது வருடமாகக் காஜிகளின் தீர்ப்புக் கட்டுகளைப் படிக்கிறவள். எங்கள் ஊர்க்காரர்கள் புயலைப் பற்றி எழுதி வைக்கமாட்டார்கள்; புயல் போன பிறகு போட்ட சண்டையை எழுதி வைப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தது, நூற்று முப்பது வருடம் பழையது. பேரீச்சம்பழம் வேகவைக்கும் செம்பு அண்டா ஒன்றை ஆறு அடித்துக்கொண்டு போய், காவல் கோபுரத்தின் மேல் சாளரத்தில் செருகிவிட்டது. எடுத்தவன் எனக்கு என்றான், தொலைத்தவன் எனக்கு என்றான். வெள்ளம் உரிமையை மாற்றாது, திருப்பிக் கொடு என்று காஜி எழுதிவிட்டார். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது, பள்ளி இடத்தை ஒட்டி. நானே போய் அளந்தேன். சாளரம் மூன்று ஆள் உயரத்தில் இருக்கிறது.

“என்ன உம்மு ஹைதம், அண்டா வழக்கையெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீங்க?” டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இதுல புயல்னு ஒரு வார்த்தை இருக்கா?”

“அண்டாவுக்கு றெக்கையா இருந்துச்சு டாக்டர், பறந்து போய்ச் சாளரத்துல உக்கார?”

“அடுப்படிக் கதையெல்லாம் ஆராய்ச்சியில சேராது. நீங்க தாள் கட்டுகளை அடுக்கி வைங்க, போதும்.”

அடுக்கி வைத்தேன். படித்த முட்டாளிடம் வாதாடி என் தொண்டைதான் வற்றும்.

இரண்டு வாரம் கழித்து, என் மேசைப் பக்கமே வராத மனிதர் அல்வா டப்பாவோடு வந்து நின்றார்.

“அந்த அண்டாத் தாள் இருக்கே... முத்திரை போட்டு ஒரு நகல் வேணும்.”

“ஆராய்ச்சிக்கா டாக்டர்?”

“சொந்த வேலைதான். வீடு கட்ட அரசாங்கம் மனை குடுத்திருக்கு. போய்ப் பாத்தா அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துல. வேற இடம் மாத்திக் கேக்கலாம்னு...”

அல்வாவை அள்ளி அந்த முகத்தில் அப்பலாம் போல இருந்தது. ஒரு வெள்ளைத் தாளைத்தான் நகர்த்தினேன்.

“காரணத்தோட மனு எழுதணும் டாக்டர். நீங்க போட்ட விதி.”

கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும் அவருக்கு. ‘நம்பத்தகுந்த ஆவணத்தின்படி இங்கே வெள்ளம் மூன்று ஆள் உயரம் ஏறியுள்ளது. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம்.’ எழுதி, கீழே பட்டத்தோடு பெயரும் போட்டார். நகலை வாங்கிக்கொண்டு போனார். எந்த இடத்தைப் பற்றிய மனுவோ அந்த இடத்தின் கோப்பில் அதைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். சேர்த்தேன். அதே கோப்புதான் வியாழக்கிழமை பள்ளிக் குழுவின் மேசைக்குப் போனது.

டாக்டரும், கூட்டக் குறிப்பு எழுத நானும் உட்கார்ந்திருக்க, குழுத் தலைவி ரய்யா அறிக்கையைப் படித்தார். பக்கத்தைப் புரட்டி மனுவையும் படித்தார், சத்தமாக.

“டாக்டர், இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா. ஆனா அது வேற விஷயம்.”

“எப்படி வேற? ரெண்டும் ஒரே கோபுரம்தானே?”

“அது என் பிள்ளைங்க தூங்கப்போற வீடும்மா!”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. பள்ளிக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள் என்றார் ரய்யா.

எழுதிக்கொண்டேன். டாக்டர் சொன்ன வாக்கியத்தையும் ஒரு சொல் விடாமல் கூட்டக் குறிப்பில் எழுதி, தேதி போட்டேன். பிற்காலத்தில் எவனாவது ‘புயல்’ என்று தட்டினால் அது அகப்படாது. படிக்கிறவளுக்கு அகப்படும்.